வேனுக்குள்ளே ஒரு கங்காணி

(தலைப்பு: "பார்சல் வண்டி ஓட்டுநரைக் கண்காணிக்கும் கருவி: தொழிலாளிக்குக் காவலா? முதலாளிக்குக் கங்காணியா?" 'முதலாளிக்குக் கங்காணியே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

   

எனக்கு முன்னால பேசிட்டுப் போன சகோதரி ரொம்ப அழகாப் பேசினாங்க. "தப்புப் பண்ணாதவன் கேமராவைப் பார்த்து ஏன் பயப்படணும்?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. நீங்களும் கைதட்டிட்டீங்க. நானே தட்டினேன். (சிரிப்பு) ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்னா, அந்தக் கேமரா எதைப் பார்க்குது, பார்த்ததை யார்கிட்ட சொல்லுது, கேட்டுக்கிட்டவர் அதை வச்சு என்ன பண்றார் இந்த மூணையும் பார்க்கணும். அமெரிக்காவையே எடுத்துக்கறேன். அந்த நாட்டுல இந்தக் கருவி வந்து முப்பது வருஷம் தாண்டிப்போச்சு. அதோட மல்லுக்கட்டின கதையும் அங்கே இருக்கு.

யு.பி.எஸ்.னு ஒரு கம்பெனி. நம்ம ஊர்ல யு.பி.எஸ்.னா கரண்ட் போனா கம்ப்யூட்டரைக் காப்பாத்தற பெட்டி. (சிரிப்பு) அங்கே யு.பி.எஸ்.னா பார்சல் கம்பெனி. 1907-ல சியாட்டில் நகரத்துல, ஜிம் கேசின்னு 19 வயசுப் பையன் நூறு டாலர் கடன் வாங்கி ஆரம்பிச்சது. காப்பிக்கொட்டை நிறத்துல வண்டி, அதே நிறத்துல சட்டை. அந்த வண்டிக்காரங்களுக்குன்னு ஒரு தொழிற்சங்கம், பேரு டீம்ஸ்டர்ஸ். டீம்ஸ்டர்னா அந்தக் காலத்துல குதிரை பூட்டின வண்டி ஓட்டறவர். நம்ம பாஷையில வண்டிக்காரர் சங்கம். குதிரை போய் மோட்டார் வந்தாச்சு, சங்கம் பேரை மாத்தலை.

இந்தக் கம்பெனிக்கு நேரத்துமேல ஒரு வெறி. ஓட்டுநருக்கு 340 முறைகள்னு ஒரு பாடமே உண்டு. சாவியை எந்த விரல்ல மாட்டிக்கணும், எப்படி இறங்கணும், எப்படி ஏறணும் எல்லாம் அதுல அடக்கம். கல்யாணம் பண்ணி வச்ச ஐயர்கூட இத்தனை முறை சொல்லிக்கொடுக்கலை. (சிரிப்பு) முன்னாடி ஸ்டாப் வாட்ச் வச்சுக்கிட்டு ஒரு ஆளு பின்னாடியே வந்து அளப்பார். 1990-களோட தொடக்கத்துல கையில ஒரு கருவியைக் கொடுத்தாங்க. வாங்கினவர் கையெழுத்தை மின்சாரத்துல பதிவு பண்ணுற கருவி. அப்புறம் வண்டியிலேயே உணரிகள் வந்தது. கதவு எத்தனை மணிக்குத் திறந்தது, பெல்ட் போட்டிருந்தாரா, பின்பக்கமா எத்தனை தடவை வண்டியை எடுத்தார், எங்கே எத்தனை நிமிஷம் நின்னார், எல்லாம் கணக்கு. சாயங்காலம் வண்டி ஷெட்டுக்கு வர்றதுக்குள்ள கணக்கு ஆபீசுக்குப் போயிடும்.

அதுக்கு மேல ஓரியன்னு ஒரு கணிப்பொறித் திட்டம். எந்த வீட்டுக்கு முதல்ல போகணும், எந்த வீட்டுக்கு அப்புறம் போகணும்னு அது சொல்லும். ஒரு நாளைக்கு 120 இடத்துல நிக்கணும்னு வச்சுக்கோங்க. அந்த 120 இடத்தை எத்தனை வரிசையில சுத்தலாம் தெரியுமா? எழுதினா 199 இலக்கம் வரும் அந்த எண்ணு. மனுஷனால முடியாது, ஒத்துக்கறேன். இடது பக்கம் திரும்பாம வழி போட்டுத் தரும். அந்த ஊர்ல வண்டி வலது பக்கமாப் போகுது, அதனால இடதுல திரும்பணும்னா எதிர்ல வர்ற வண்டிக்காகக் காத்து நிக்கணும். நம்ம ஊர்ல வலது பக்கம் திரும்பற மாதிரி. பெட்ரோலும் மிச்சம், விபத்தும் மிச்சம். இதெல்லாம் நல்லதுதானேன்னு சகோதரி கேட்டாங்க. நல்லதுதாம்மா. நான் இல்லைன்னு சொல்லலையே!

ஆனா இதைக் கேளுங்க. 2014-ல அந்தக் கம்பெனி அதிகாரி ஒருத்தரே வானொலியில ஒரு கணக்குச் சொன்னார். ஒரு ஓட்டுநர்கிட்ட ஒரு நாளைக்கு ஒரே ஒரு நிமிஷம் மிச்சம் பிடிச்சா, வருஷத்துக்குக் கம்பெனிக்கு 1 கோடியே 45 லட்சம் டாலர். ஒரு நிமிஷம்! ஒரு வீட்டுப் பாட்டி "தம்பி, வெயில்ல வந்திருக்கே, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் போப்பா"ன்னு சொல்லி, அவர் நின்னு குடிக்கிறாரே, அந்த நிமிஷம். இப்ப சொல்லுங்க, அந்தக் கருவி யாரோட கடிகாரம்? ஓட்டுநர் விழக்கூடாதுன்னு பார்க்குதா, அவர் நிக்கக்கூடாதுன்னு பார்க்குதா? (கைதட்டல்)

நடுவர் அவர்களே, கூலியும் கண்காணிப்பும் வேற வேற விஷயம்னு நினைக்கிறோம். ரெண்டும் ஒண்ணு. கூலிங்கறது என்ன? எட்டு மணி நேரத்துக்கு இவ்வளவு ரூபாய். அந்த எட்டு மணி நேரத்துக்குள்ள 90 பார்சலா, 120 பார்சலா, 180 பார்சலான்னு தீர்மானிக்கிறவர் கையிலதான் கூலி இருக்கு. சம்பளச் சீட்டுல ஒரு பைசா குறைக்க வேண்டாம். வேலையைக் கூட்டினாப் போதும், கூலி குறைஞ்சிடும். நம்ம வீட்ல வேலை செய்யற அம்மாவுக்குச் சம்பளத்தைக் குறைக்காம, "அந்தப் பாத்திரத்தையும் தேச்சிடும்மா"ன்னு சொல்றோமே, அதே வித்தைதான். (சிரிப்பு) என்ன, தாய்மார்கள் பக்கம் சத்தமே காணோம்?

சரி, அங்கே சங்கம் என்ன பண்ணுச்சு? கருவியை உடைக்கலை. 'கருவி சொன்னதை வச்சு நீ என்ன பண்ணலாம், என்ன பண்ணக்கூடாது'ன்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்குச்சு. செயற்கைக்கோள் கருவி சொன்ன தகவலை மட்டும் ஆதாரமா வச்சு ஒருத்தரை வேலையை விட்டுத் தூக்கக் கூடாது. கருவி சொன்னா மனுஷன் விசாரிக்கணும், ஓட்டுநர் பதில் சொல்லணும், கூட சங்கத்து ஆள் உட்காரணும். 'நாணயக் குறைவு' இருந்தா மட்டும் விதிவிலக்கு. அந்த ஒரு ஓட்டை வழியா எத்தனை வழக்கு வருதுங்கறது வேற கதை. இன்னொண்ணு, 'ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல என்னைத் தொடர்ந்து வேலை வாங்காதே'ன்னு முழுநேர ஓட்டுநர் ஒரு பட்டியல்ல பேர் கொடுக்கலாம். மீறினா கம்பெனி தண்டக்கூலி கொடுக்கணும். மீறினதுக்கு யாரு சாட்சி? அதே கருவி! அவரை வேவு பார்க்க வச்ச பெட்டி, அவருக்காக சாட்சி சொல்லுது. (பலத்த கைதட்டல்)

இதெல்லாம் சும்மா வரலை. 1997 ஆகஸ்டுல 1,85,000 பேர் 15 நாள் வேலை நிறுத்தம் பண்ணினாங்க. பகுதிநேர வேலைங்கற பேர்ல பாதிக் கூலி கொடுக்கிறான்னு சண்டை. 10,000 புது முழுநேர வேலை உண்டாக்கறேன்னு கம்பெனி ஒத்துக்கிச்சு. சங்கமும் எப்பவும் யோக்கியமா இருந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். 2018-ல ஒரு ஒப்பந்தம். ஒரே வண்டி, ஒரே தெரு, ஆனா புதுசா வர்றவருக்குக் குறைஞ்ச கூலின்னு ரெண்டாந்தர ஓட்டுநர் ஒரு சாதியையே உண்டாக்கினாங்க. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டாங்க. 54 சதவீதம் பேர் 'வேண்டாம்'னாங்க. தலைவர்கள் என்ன பண்ணினாங்க? "பாதிப் பேர்கூட ஓட்டுப் போட வரலை, அப்படி இருந்தா நிராகரிக்க மூணுல ரெண்டு பங்கு வேணும்"னு பழைய விதி ஒண்ணைத் தேடி எடுத்து, ஒப்பந்தம் நிறைவேறிடுச்சுன்னு அறிவிச்சுட்டாங்க. தோத்த மசோதா ஜெயிச்ச அதிசயம்! நம்ம ஊர்க்காரங்க யாராவது போய்ச் சொல்லிக் கொடுத்திருப்பாங்களோ என்னவோ. (பலத்த சிரிப்பு) அந்தக் கோபத்துல 2021-ல அந்த விதியையே தூக்கினாங்க, தலைமையையும் மாத்தினாங்க.

இப்ப வெயிலுக்கு வர்றேன். அந்தக் காப்பிக்கொட்டை வண்டிக்கு அப்ப ஏ.சி. கிடையாது. பின்பக்கம் தகரப் பெட்டி. பார்சல் எடுக்க உள்ளே போனா அடுப்புக்குள்ள போற மாதிரி. 2022 ஜூலையில அரிசோனா மாநிலத்துல ஸ்காட்ஸ்டேல்னு ஒரு ஊர். வெயில் 110 டிகிரி. நமக்கு அக்கினி நட்சத்திரத்துல வேலூர்ல 110 டிகிரின்னு பேப்பர்ல கொட்டை எழுத்துல போடுவாங்களே, அந்த 110. ஒரு ஓட்டுநர் பார்சலோட ஒரு வீட்டு வாசலுக்கு வர்றார். தள்ளாடறார். வாசல்லயே சாயறார். கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து, பெல்லை அடிச்சிட்டு, தட்டுத்தடுமாறி வண்டிக்குத் திரும்பறார். இதை யார் பார்த்தா? கம்பெனியோட உணரி பார்க்கலை. அதுக்குத் தெரிஞ்சது வண்டி நின்னுது, இவ்வளவு நிமிஷம்னு மட்டும்தான். பார்த்தது அந்த வீட்டுக்காரர் திருடனுக்குப் பயந்து வாசல்ல மாட்டி வச்ச கேமரா! அந்தப் படம் நாடு பூரா போச்சு. நல்லவேளை, அவர் பிழைச்சுக்கிட்டார்.

சகோதரி, கேமரா பாதுகாப்புன்னு சொன்னீங்களே, ஆமாம், அன்னைக்குப் பாதுகாத்துச்சு. ஆனா எந்தக் கேமரா? முதலாளி மாட்டாத கேமரா. (கைதட்டல்)

அடுத்த வருஷம், 2023. அந்தக் கம்பெனியில 3,40,000 பேர் சங்கத்துல. வேலை நிறுத்தம் பண்ணலாம்னு 97 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டாங்க. வேலை நிறுத்தம் வர்றதுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஜூலை 25-ல கம்பெனி இறங்கி வந்துது. ரெண்டாந்தர ஓட்டுநர்ங்கற சாதியை ஒழிச்சாங்க. பகுதிநேர ஆளுக்கு மணிக்குக் குறைஞ்சது 21 டாலர். மூத்த முழுநேர ஓட்டுநருக்கு ஒப்பந்தம் முடியறப்ப சராசரி மணிக்கு 49 டாலர். 2024 ஜனவரிக்கு அப்புறம் வாங்கற புது வேன்ல ஏ.சி. இருக்கற வண்டிக்கு விசிறி. அதோட, நடுவர் அவர்கள் கவனிக்கணும், ஓட்டுநர் முகத்தைப் பார்க்கிற கேமரா வைக்கக் கூடாதுன்னும் எழுதி வாங்கினாங்க. கூலியும் ஏ.சி.யும் கேமராவும் ஒரே காகிதத்துல. ரெண்டும் ஒண்ணுதான்னு நான் சொன்னது அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

சரி, அதே நாடு, அதே தெரு. இன்னொரு வேன் வருது. சாம்பல் கலந்த நீல நிறம், பக்கவாட்டுல ஒரு சிரிப்பு வளைவு. அமேசான். ஓட்டறவர் சட்டையில அமேசான். வழி போட்டுத் தர்றது அமேசான். பார்சல் அமேசானோடது. "நீ யார் கம்பெனிப்பா?"ன்னு கேட்டா, வேற ஒரு பேரு சொல்லுவார். ஏன்னா 2018-ல அவங்க ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. ஊருக்கு ஊர் சின்னச் சின்ன ஒப்பந்தக்காரரைப் பிடி, இருபது நாப்பது வேனைக் கொடு, ஆளை அவர் வச்சுக்கட்டும், சம்பளம் அவர் கொடுக்கட்டும், பிரச்சினை வந்தா அவரைக் கேளு.

தமிழனுக்கு இது புதுசா? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் நம்ம பாட்டன் முப்பாட்டனைக் கூட்டிக்கிட்டுப் போனது யாரு? கங்காணி. ஆளைச் சேர்க்கிறதும் அவர், முன்பணம் கொடுத்துக் கடன்ல மாட்டறதும் அவர், தோட்டத்துல நின்னு மேய்க்கிறதும் அவர். இலங்கையில எத்தனை தலை வேலைக்கு வந்துச்சோ, அத்தனை தலைக்குக் கங்காணிக்குக் காசு. தோட்டம் துரையோடது. கொழுந்து துரையோடது. லாபம் துரையோடது. கூலி மட்டும் கங்காணியோட ஆளு! கண்காணிக்கிறவர்ங்கற சொல்லுதான் தேய்ஞ்சு கங்காணி ஆச்சு. அதே சொல் இங்கிலீஷ்காரன் அகராதியிலயும் ஏறிடுச்சு. நம்ம தலைப்புல அந்தச் சொல்லை வச்ச புண்ணியவான் யாருன்னு தெரியலை, அவருக்கு என் கும்பிடு. (கைதட்டல்)

அந்த வேனுக்குள்ள 2021-லேர்ந்து ஒரு கேமரா. நாலு கண்ணு. மூணு வெளியே பார்க்கும், ஒண்ணு ஓட்டுநரைப் பார்க்கும். கேமராவைச் செஞ்ச நெட்ரடைன் கம்பெனிக்கு அமெரிக்காவுல சான் டியேகோவில தலைமையகம், நம்ம பெங்களூர்லயும் பெரிய ஆபீஸ் இருக்கு. பக்கத்து ஊர்க்காரங்களா, நம்ம தெருப் பையன்கூட அங்கே வேலை பார்க்கலாம். அது பேசும். தலையைக் குனிஞ்சா 'கவனச் சிதறல்'னு குரல் கொடுக்கும். முன்னாடி போற வண்டிக்கு ரொம்பக் கிட்டப் போனா குரல் கொடுக்கும். விபத்து 48 சதவீதம் குறைஞ்சதா சோதனை ஓட்டத்தைப் பத்தி அமேசானே சொல்லிச்சு. அந்தக் கணக்கை நான் மறுக்கலை.

ஆனா ஓட்டுநர்கள் பத்திரிகைகளுக்கு என்ன சொன்னாங்க? பக்கத்துக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாலும் அது 'கவனச் சிதறல்'. வேற ஒருத்தன் குறுக்கே பூந்தாலும் 'நீ கிட்டப் போயிட்டே'. எல்லாம் மதிப்பெண் பட்டியல்ல ஏறும். அந்த மதிப்பெண்ணை வச்சு ஒப்பந்தக்காரருக்கு வாரா வாரம் தரம் போடுவாங்க, அவரோட ஊக்கத்தொகையும் அதைப் பொறுத்துத்தான். தலைக்காசு! அப்போ 'நான் தப்புப் பண்ணலை சார்'னு ஓட்டுநர் யார்கிட்டப் போய்ச் சொல்லுவார்? கங்காணிகிட்டயா? அவருக்கே அந்த மதிப்பெண்ணுலதானே சோறு! இப்ப புரியுதா, தப்புப் பண்ணாதவன் ஏன் பயப்படறான்னு? (பலத்த கைதட்டல்)

நிக்கவே நேரமில்லைன்னா மனுஷன் என்ன பண்ணுவான்? தாய்மார்கள் மன்னிக்கணும், சொல்லித்தான் ஆகணும். பாட்டில்ல சிறுநீர் கழிக்கிறாங்க. 2021 மார்ச்சுல மார்க் போக்கன்னு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இதைச் சொன்னப்ப, "இதையெல்லாம் நீங்க நம்பறீங்களா?"ங்கற தோரணையில அமேசான் பகிரங்கமாக் கேலியா பதில் போட்டுது. பத்து நாள்கூட ஆகலை. ஏப்ரல் 2-ஆம் தேதி மன்னிப்புக் கேட்டுது. ஓட்டுநர்களுக்குக் கழிவறை கிடைக்கிறது கஷ்டம்தான், இந்தத் தொழில் முழுக்கவே உள்ள பிரச்சினைன்னு சொல்லிச்சு. நாலு கண்ணு வேனுக்குள்ள இருக்கு, இது மட்டும் தெரியலையாம்! (சிரிப்பு) நம்ம சென்னையில மாநகராட்சி 2025-ல அண்ணா நகர்ல இந்த மாதிரித் தொழிலாளிகளுக்குக் கழிவறையோட ஏ.சி. ஓய்வறை திறந்தாங்க. சின்ன அறைதான். ஆனா அந்த அறையைப் பத்தி யோசிச்சவர் யாரோ, அவர் வெயில்ல வண்டி ஓட்டியிருக்கணும்.

இன்னொரு சங்கதி. சொந்தக் கார்ல பார்சல் கொண்டுபோற ஃப்ளெக்ஸ் ஓட்டுநர்கள்னு அங்கே தனியா உண்டு. மணிக்கு 18-லேர்ந்து 25 டாலர், வாடிக்கையாளர் கொடுக்கிற அன்பளிப்பு முழுக்க உனக்கேன்னு விளம்பரம். 2016 கடைசியிலேர்ந்து 2019 ஆகஸ்டு வரைக்கும் என்ன நடந்துச்சு? வாடிக்கையாளர் கொடுத்த அன்பளிப்பையே எடுத்து, தான் கொடுக்க வேண்டிய கூலியோட கணக்குல சேர்த்துட்டாங்கன்னு அமெரிக்க அரசோட வர்த்தக ஆணையம் கண்டுபிடிச்சுது. 2021-ல 6 கோடியே 17 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதிச்சாங்க. 1,40,000 ஓட்டுநர்களுக்கு மேல பணம் திரும்பிப் போச்சு. ஓட்டுநர் கண்ணு அசைஞ்சதைக் கணக்கெடுக்கத் தெரிஞ்ச தொழில்ல, அவர் காசு எங்கே போச்சுன்னு கண்டுபிடிக்க அரசாங்கம் வர வேண்டியிருக்கு! அந்தப் பக்கம் பார்க்க ஒரு கேமரா வைங்கய்யா! (பலத்த கைதட்டல்)

எதிரணி நண்பர் ஒருத்தர் நியாயமா ஒண்ணு கேட்டார். "அதிகக் கூலி வாங்கின யு.பி.எஸ்.ல 2025-ல ஆளைக் குறைச்சாங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?" உண்மை. அந்த ஒரே வருஷத்துல ஓட்டுநரும் கிடங்குத் தொழிலாளியுமா 34,000 இடத்தைக் குறைச்சாங்க. அமேசான் சரக்கைப் பாதிக்கு மேல விட்டுடறோம், லாபமில்லைன்னு சொன்னாங்க. நான் இதை மறைக்க மாட்டேன். ஆனா அந்தச் சரக்கு எங்கே போகும்? ஜனங்க வாங்கறது நிக்கலை. அதை யாரோ ஒருத்தர் ஓட்டிக்கிட்டுப் போய்க் கொடுத்துத்தான் ஆகணும். ஒப்பந்தம் இருக்கிற வேன்லேர்ந்து இறங்கற பார்சல், கங்காணி வேன்ல ஏறினா என்ன ஆகும்? அந்தப் பயம்தான் இப்ப அங்கே. இவங்க ஒப்பந்தம் 2028 ஜூலை 31-ஆம் தேதி முடியுது. பக்கத்து வேன்ல இருக்கிறவருக்குக் கூலி குறைவுன்னா, அன்னைக்கு மேஜையில உட்காரும்போது இவர் குரலும் குறையும்.

அதனாலதான் அந்த வண்டிக்காரர் சங்கம் அமேசான் வேன்காரங்களைச் சேர்க்க ஓடுது. 2023 ஏப்ரல்ல கலிபோர்னியாவுல பாம்டேல்ங்கற ஊர்ல 84 ஓட்டுநர்கள் சேர்ந்தாங்க. அவங்க ஒப்பந்தக்காரரும் ஒத்துக்கிட்டார். நல்ல கங்காணி! அந்த ஒப்பந்தக்காரரோட ஒப்பந்தமே போச்சு. சங்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, அவர் வேலை சரியில்லைன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டோம், அந்த ஓட்டுநர்கள் எங்க ஆளே இல்லைன்னு அமேசான் சொல்லிச்சு. 2024 ஆகஸ்டுல தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தோட லாஸ் ஏஞ்சல்ஸ் மண்டல அலுவலகம், அமேசானும் அவங்களுக்குக் கூட்டு முதலாளிதான்னு முதல்கட்ட முடிவுக்கு வந்துது. என்ன காரணம்? யார் அவங்களை மேய்ச்சாங்கங்கறதுதான் கேள்வி. வழி போட்டது யாரு, கேமரா யாரோடது, மதிப்பெண் போட்டது யாருன்னு பார்த்தா, ஆள் நம்ம ஆள் இல்லைன்னு சொல்றது கஷ்டமாப் போயிடுது பாருங்க. கண்காணிச்சவனே முதலாளி!

கடைசியா ஒண்ணு. இது அமெரிக்கக் கதைன்னு யாரும் எழுந்து போயிடாதீங்க. தமிழ்நாட்டுல 2023-ல இணையம் சார்ந்த தொழிலாளிகளுக்குன்னு நலவாரியம் அமைச்சாங்க. பக்கத்துல கர்நாடகத்துல 2025-ல சட்டமே போட்டாங்க. அதுல நலநிதி இருக்கு. அதோட, கருவி எப்படிக் கண்காணிக்குது, அதை வச்சு எப்படி முடிவெடுக்கறேங்கறதைத் தொழிலாளிக்குச் சொல்லணும். வேலையிலேர்ந்து நீக்கணும்னா 14 நாள் முன்னாடி, காரணத்தை எழுத்துல கொடுக்கணும். காலையில எழுந்து போனைத் திறந்தா 'உன் கணக்கு மூடப்பட்டது'ன்னு வர்ற ஊர்ல, அந்த 14 நாளும் அந்த ஒரு துண்டுக் காகிதமும் சின்ன விஷயமில்லை. அந்தக் காகிதத்துல கருவி சொன்னது மட்டும் இருக்குமா, அதுக்கு அந்தத் தம்பி சொன்ன பதிலும் இருக்குமாங்கறதை இனிமேதான் நாம பார்க்கணும்...

நடுவர் ரெண்டாவது மணியும் அடிச்சிட்டார். எனக்கும் நிமிஷக் கணக்குதான்! (சிரிப்பு)